ஒரு சார்ஜில் பத்து நாள்

தணிவு நிறுவனத்தின் வரவேற்பறையில் இதுவரை யாரும் அழுததில்லை. அழுதிருந்தாலும் அங்கே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. சரவணம்பட்டியில் எட்டு மாடிக்கு எழும்பி நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கும் எவரும் காதில் தணிவி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. மறந்து வந்தவர்களுக்கு வாசலிலேயே ஒன்றைக் கடனாகக் கொடுப்பார்கள், சில கோயில்களில் வேட்டி கொடுப்பது மாதிரி.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த மரகதம் மட்டும் அதை வாங்கவில்லை. "இதைப் போட்டுத்தானுங்க நான் கெட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தேங்காய் நார் மில்லில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவள், வாட்டசாட்டமான உடம்பு, கனத்த குரல். அழுதாள், கத்தினாள், கடைசியில் தரையில் இறங்கி உள்ளங்கையால் அடித்தாள். வரவேற்பில் இருந்த பெண் மாறாத சிரிப்போடு, "டீ சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் காதுக்கு எட்டியதெல்லாம், ஒரு அம்மா தன் மகளைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கோகிலவாணி நின்றுவிட்டாள். தணிவு அவள் தொடங்கியது. தணிவி அவள் கண்டுபிடித்தது. அது காதுக்கு வந்த நாளிலிருந்து, பேசுகிறவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு மெல்ல மெல்லப் போயிருந்தது. குரலே இதமாக இருக்கும்போது முகத்தை எதற்குப் பார்ப்பது? அன்றைக்கு ஏதோ ஞாபகத்தில் பார்த்துவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுக, வாய் கோணிக்கொண்டு ஒருத்தி, சமையல் குறிப்பு சொல்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

தன் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"ஏனுங்க, நீங்கதான் இதுக்கெல்லாம் பெரியவுங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"எம் புள்ள தன்ஷிகா, மெட்ராஸ்ல பாலிடெக்னிக் படிச்சுட்டு ஹாஸ்டல்ல இருந்துச்சுங்க. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணுச்சு. 'அம்மா, வவுறு ரொம்ப வலிக்குது'ன்னுச்சு. சோறு தின்னுட்டேன்னு சொல்லுமில்லீங்க, அதே குரலு. நான் மில்லுல லோடு ஏத்தற எடத்துல நின்னுட்டிருந்தேன். 'சீரகத் தண்ணி வெச்சுக் குடிச்சுட்டுப் படு சாமி'ன்னேன். 'சரிம்மா'ன்னு வெச்சுருச்சு." மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடல்வால் வெடிச்சிருந்துதாம். விடியறதுக்குள்ள போயிருச்சுங்க. இவ்வளவு வலியை எப்புடித் தாங்குச்சுன்னு டாக்டரே கேட்டாரு."

கோகிலவாணி நகர்த்தி வைத்த தண்ணீர் டம்ளரை அவள் தொடவில்லை.

"நான் கேஸ் போட்டதுல இருந்து உங்க வக்கீலுங்க ஊட்டுக்கு வந்து சமாதானம் பேசறாங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு தெரியோணும். எம் புள்ள அன்னைக்கு அழுதுச்சா? அழுது, இந்த எழவு மெஷினு அதை எனக்குக் கேக்காம பண்ணிருச்சா? அப்படின்னா பாவம் உங்களுது. இல்ல, நெசமாவே அழுகாமத்தான் சொல்லுச்சுன்னா, பெத்த புள்ள வலிக்குதுன்னு சொல்லியும் வெளங்காத முண்டம் நான். ரெண்டுல எதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க."

"நாங்க யார் குரலையும் எடுத்து வெக்கறதில்லைங்க. காதுல கேட்டதும் அழிஞ்சுரும்" என்றாள் கோகிலவாணி. அது தணிவியின் பெட்டி மேலேயே அச்சடித்திருந்த வாசகம். பொய் என்பது நிறுவனத்தில் இரண்டே பேருக்குத் தெரியும்.

மரகதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவளுக்கு ஏமாற்றுகிற முகம் தெரியாதா என்ன.

"நாளைக்குக் காலைல வாங்க. விசாரிச்சுச் சொல்றேன்" என்று கோகிலவாணி எழுந்துகொண்டாள்.

கோகிலவாணியின் கதை கோவையில் தெரியாதவர்கள் கிடையாது. கல்லூரிதோறும் அவளைக் கூப்பிட்டு மாலை போட்டு அதைச் சொல்லச் சொல்வார்கள், அவளும் அலுக்காமல் சொல்வாள். படிப்பு முடிந்ததும் ஒரு பிரிட்ஜ் கம்பெனியின் புகார் எண்ணில் போன் எடுக்கிற வேலை. பிரிட்ஜைச் செய்ததும் அவளில்லை, கெடுத்ததும் அவளில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த வீட்டில் மாவு புளித்தாலும் திட்டு வாங்கியது அவள் காதுதான். தினமும் ஒருமுறையாவது கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். அங்கே ஹெட்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்த உக்கடத்து ரசூல்தான் ஒருநாள் சொன்னான்: "திட்டுல வார்த்தை பாதி, சத்தம் பாதி. சத்தத்தை மட்டும் எறக்கிட்டா வார்த்தை கடிக்காது, கோகிலா."

ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், ரொட்டி வேகிற வாசனைக்கு நடுவே இரண்டு பேரும் அதைச் செய்தார்கள். எதிராளி என்ன சொன்னாரோ அது அப்படியே கேட்கும். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. கோபம், அழுகை, நடுக்கம், கிண்டல் இவைதான் குரலிலிருந்து வடிந்துபோகும். வார்த்தையைத் தொட்டால் அது பொய் சொல்வதாகிவிடும், தொனியை இறக்குவதில் பாவமில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். தங்கள் நேர்மையில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பெருமைகூட.

முதலில் போன் எடுப்பவர்கள் வாங்கினார்கள். பிறகு ரேஷன் கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள். அப்புறம் அது வீட்டுக்குள் நுழைந்தது, நுழைந்த பிறகு எந்தச் சுவரும் அதைத் தடுக்கவில்லை. கல்யாணச் சீர்வரிசைத் தட்டில் பட்டுப்புடவைக்கும் பழத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜோடித் தணிவி வைப்பது வழக்கமாயிற்று. மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் தொட்டில் துணியோடு அதையும் கொண்டு போனார்கள். இராத்திரி முழுக்கக் கத்துகிற குழந்தையைச் சிரித்த முகத்தோடு தூக்கி வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

ஆரம்பத்தில் தணிவிக்கு ஒரு நாள்கூடச் சார்ஜ் நிற்காது. மாலைக்குள் சூடாகிக் காது கன்றிவிடும். வருடம் போகப் போக இரண்டு நாள் நின்றது, ஐந்து நாள் நின்றது. இப்போது அவினாசி சாலை நெடுக கோகிலவாணியின் சிரித்த முகத்தோடு பலகை வைத்திருந்தார்கள்: ஒரு சார்ஜில் பத்து நாள்! அதற்காக இன்ஜினியர்களுக்கு விருந்து வைத்து, மோதிரம் போட்டாள்.

அவளும் குளிக்கிற நேரம் தவிர அதைக் கழற்றியதில்லை. கணவனோடு சண்டை என்பதே வந்ததில்லை. சண்டையே இல்லாமல் ஒருநாள் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் நிதிலா அவளிடமே வளர்ந்தாள். அடம் பிடிக்கத் தெரியாத பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் கண் வைக்காதவர்கள் இல்லை.

மரகதம் போனதும் கோகிலவாணி லிப்டில் அடித்தளத்துக்கு இறங்கினாள். குரல்களை எடுத்து வைக்கிற அறை அங்கேதான் இருந்தது. மெஷினைப் பழக்குவதற்கு அசல் குரல் வேண்டுமென்று முதலில் வைத்தது. பிறகு அழிக்க மனம் வரவில்லை. அறைச் சாவி ரசூலிடம் இருந்தது. அவன் தலை நரைத்து, கண்ணாடி தடித்து, நிறுவனத்தின் இரண்டாவது ஆளாகியும் அந்த அறையிலேயேதான் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தான். அங்கே மட்டும் அவன் தணிவி போடுவதில்லை.

"பொள்ளாச்சிப் பொண்ணுதானே?" என்றான். "நீ வருவேன்னு எடுத்து வெச்சிருக்கேன். அதைக் கழட்டு முதல்ல."

கழற்றினாள். ஏசியின் இரைச்சலே காதில் அறைந்தது. ரசூல் பொத்தானை அழுத்தினான்.

'அம்மா, வவுறு ரொம்ப வலிக்குது.'

'சீரகத் தண்ணி வெச்சுக் குடிச்சுட்டுப் படு சாமி.'

'சரிம்மா.'

அவ்வளவுதான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல ஒரு பெண்ணின் குரல்.

"இது தணிச்சது. அசலைப் போடு" என்றாள் கோகிலவாணி.

"இதுதான் அசல்."

"வெளையாடாதே ரசூல்."

"நான் எதுக்கு வெளையாடறேன்? அந்தம்மா காதுல இருந்த மெஷின் அன்னைக்கு ஒண்ணுமே செய்யல. எறக்கறதுக்கு அந்தக் குரல்ல எதுவுமே இல்ல."

கோகிலவாணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அப்ப நம்ம மேல தப்பில்லை" என்றாள்.

ரசூல் இன்னொன்றை ஓட்டினான். ஒரு பையன், கீழே விழுந்து பல் உடைந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்கிறான். அடுத்தது ஒரு சின்னப் பெண், பள்ளி வேன் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது, இருட்டுகிறது என்கிறாள். இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் அசல் குரல். எல்லாம் பஸ் நிறுத்தத்தின் பெயர்.

"என்னது இது?"

"தணிவி போட்ட வீட்டுல பொறந்து வளந்த பசங்க. குழந்தை எதுக்குக் கத்துது சொல்லு? கத்தினா அம்மா முகம் மாறும், பதறி ஓடி வருவான்னு. கத்தினாலும் சரி, கத்தாட்டியும் சரி, அம்மா ஒரே மாதிரி சிரிச்சுட்டு மெதுவா நடந்து வந்தான்னா? கொஞ்ச நாள் பார்க்கும். அப்புறம் விட்டுரும். நடக்கக் கத்துக்கற மாதிரிதான் கோகிலா, அழுகறதும். யாராவது கைதட்டணும்." ரசூல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பத்து நாள் பேட்டரி, பத்து நாள் பேட்டரின்னு மோதிரம் போட்டியே. பேட்டரி அதே பழைய பேட்டரிதான். ஊருக்குள்ள தணிக்கறதுக்குச் சரக்கு கொறைஞ்சு போச்சு."

கோகிலவாணி கழற்றி வைத்த தணிவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "உனக்கு இது எப்பத் தெரியும்?" என்றாள்.

"அஞ்சு நாள் நின்னப்பவே தெரியும்."

"அப்பவே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்ப?"

"உன் ரூமுக்கு வந்து சொன்னேன். மேசையைத் தட்டிச் சொன்னேன். கதவைச் சாத்திட்டு, தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். நீ தலையாட்டிக் கேட்டுட்டு, 'நல்ல பாயிண்ட் ரசூல், அடுத்த வருஷம் பார்க்கலாம்'னு சொன்னே."

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. ரசூல் பேட்டரியைப் பற்றி ஏதோ சொன்னான், சாவகாசமாகத்தான் சொன்னான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்புறம் நீ ஏன் இங்கேயே இருந்தே?"

"சம்பளம், பிள்ளைங்க படிப்பு, பழக்கம். நான் மட்டும் உத்தமனா?" என்றான் ரசூல். "சரி, இப்ப வழி என்னன்னு பாரு. குரலை எடுத்து வெச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு இதைக் கோர்ட்டுல ஓட்டினா, கேஸ் நிக்காது. கம்பெனி தப்பிச்சுரும்."

"மரகதம்?"

"அவங்களுக்கு இதுல ஒரே ஒரு அர்த்தந்தான் இருக்கு. மெஷின் மறைக்கல. அவங்களுக்குத்தான் வெளங்கல."

மறுநாள் காலை மரகதம் வந்து உட்கார்ந்ததும் கோகிலவாணி தன் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வக்கீல்கள் யாரையும் கூப்பிடவில்லை. ரசூல் கதவோரமாக நின்றான். அந்த அறைக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வேறு. இந்த முகத்தைப் பார்த்த பிறகு வந்தவை வேறு.

"குரலை எடுத்து வெச்சிருக்கோமுங்க. நேத்துப் பொய் சொன்னேன். இறங்கிப் போய்க் கேட்டேன்."

மரகதத்தின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றது.

"அழுதாங்க" என்றாள் கோகிலவாணி. "ரொம்ப அழுதாங்க. அம்மா, அம்மான்னு கத்தினாங்க. எங்க மெஷின்தான் உங்களுக்குக் கேக்க விடல. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கதவோரம் ரசூல் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

மரகதம் முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டாள். பிறகு, "என்னையக் கூப்பிட்டு அழுதுச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உங்களைத்தான்."

"எம் புள்ள என்னையக் கூப்பிட்டு அழுதிருக்குது" என்று மரகதம் தனக்கே சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, காதைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்தது. வலுக்கட்டாயமாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மனிதர் அழுகிற சத்தம் இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. பயமாக இருந்தது, துக்கமாக இருந்தது, ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. மரகதம் எட்டி அவள் தோளில் இரண்டு அடி அடித்தாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

"குரலைக் கேக்கலாமுங்களா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"வேண்டாமுங்க" என்றாள் கோகிலவாணி. "அதை நீங்க தாங்க மாட்டீங்க." அவள் அன்று சொன்னதில் அந்த ஒன்று முழு உண்மை.

மரகதம் போனதும் ரசூல் உள்ளே வந்தான். "செய்யாத தப்பை ஒத்துக்கிட்டே. அந்தம்மா இதை நாளைக்கே கோர்ட்டுல சொல்லுவாங்க. ஒரு மாசத்துல இந்தக் கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டுருவாங்க, தெரியுமா?"

"செய்யாததா ரசூல்?"

அவன் மேசைமேல் கிடந்த தணிவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து அடித்தள அறையின் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "அந்தக் குரலை என்ன பண்ணணும்னு நீயே பாரு. என் காதுல எதுவும் விழல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிற்பகலிலேயே கோகிலவாணி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மேசைமேல் வைத்ததைத் திரும்ப எடுக்கவில்லை. சரவணம்பட்டிச் சந்திப்பில் ஹாரன்களும் பூக்காரியின் கூவலும் யாரோ யாரையோ வைகிற வசவும் மண்டைக்குள் இறங்கின. தலை வலித்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரே ஒரு ஆசை அடித்துக்கொண்டிருந்தது. நிதிலாவின் குரலைக் கேட்க வேண்டும். தணிவி இல்லாமல், வடிக்காமல், அசலாக. அந்த ஒலிப்பதிவுப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகளோ. என் பிள்ளை அப்படி இருக்க மாட்டாள். அவள் எத்தனையோ தடவை கோபித்திருப்பாள், குழைந்திருப்பாள், எனக்குத்தான் கேட்டிருக்காது. இன்றைக்குக் கேட்கும்.

கதவைத் திறந்தபோது நிதிலா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடையில் மண். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்கம்மா" என்றாள். "ஸ்கூல் படியில விழுந்துட்டேன். கை உடைஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

கோகிலவாணி தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தாள். காது வெறுமையாகத்தான் இருந்தது.

தினமும் கேட்ட அதே குரல். ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணிக்கொண்டு நின்றது. பிள்ளையின் நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. முகம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

"எப்ப விழுந்தே கண்ணு?"

"காலையில."

"காலையிலயா? டீச்சர்கிட்டச் சொல்லலயா?"

"சொன்னேன். தேய்ச்சு விட்டாங்க."

கோகிலவாணி அவளைத் தாங்கிக் கூட்டி வந்து காரில் உட்கார வைத்தாள். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. தெரு முனை வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. நிதிலா, "வலிக்குது" என்றாள், மணி கேட்டால் சொல்வது போல.

"வலிச்சாக் கத்து சாமி."

"எப்படி?"

கோகிலவாணி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு மரகதம் நினைவுக்கு வந்தாள், பெட்டியோடு போன கணவன் நினைவுக்கு வந்தான், மேசையைத் தட்டிய ரசூல் நினைவுக்கு வந்தான். "ஐயோ" என்று அவள் போட்ட சத்தத்துக்கும், வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒருவன் காதில் தணிவியோடு, புன்னகை மாறாமல் போனான்.

நிதிலா அம்மாவின் வாயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த கையை மடியில் இன்னும் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"ஐயோ" என்றாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி, தெளிவாக.

பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சரியா வந்துதாம்மா?"